மகள் பேசியது

அந்தக் காகிதங்கள் தலையணை உறைகளுக்குள் இருந்தன. கொரட்டூரில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவின் கடைசி வீடு. பின்னறைக் கட்டிலின் மேல் பதினொரு உறைகள் வரிசையாகக் கிடந்ததை முதல் நாள் பார்த்தபோது, யாரோ விருந்தாளிகள் வரப்போகிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒவ்வொன்றின் வாயும் நூலால் தைத்து மூடியிருந்தது. இரும்புப் பெட்டி துருப்பிடித்து அடிப்பக்கம் உதிர்ந்துவிட்டது, அட்டைப் பெட்டியைக் கரையான் விட்டுவைக்கவில்லை, துணி என்றால் காற்று போய்வரும், வெயிலில் காயவைத்து எடுக்கவும் சுலபம் என்று அந்த வீட்டு அக்கா சொன்னார். பழைய காகிதங்களைப் பாதுகாப்பது பற்றி மூன்று பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வந்தவள் நான். எந்த வகுப்பிலும் தலையணை உறையைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஏரி நிரம்பி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்த வருடம், அக்கா அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து மொட்டைமாடி அறைக்கு ஏற்றியிருக்கிறார். அப்போதே அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பீரோவையும் மிக்ஸியையும் தண்ணீருக்கு விட்டுவிட்டாராம்.

அவை அக்காவின் அப்பா எழுதியவை. நாடகக் கம்பெனிகளுக்கும், பிறகு சினிமாவுக்கும் கதை வசனம் எழுதியவர். தொழிலில் இருந்தவர்கள் அவரை வாத்தியார் என்று அழைத்தார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். வசனத்துக்காகவே ஜனங்கள் இரண்டாம் தடவை போய்ப் பார்த்த படங்கள் அவருடையவை. கொரட்டூரில் வீடுகளைவிட வயல்கள் அதிகமாக இருந்த நாளில் மனை வாங்கி, வீடு கட்டி, தினமும் ரயிலேறிப் பட்டணம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஸ்டுடியோவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். நான் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்த ஊழியை. வருடா வருடம் மார்ச்சில் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்கும் வேலை. வாத்தியாரின் காகிதங்களைப் பிரித்து, துடைத்து, எண் போட்டு, பட்டியல் எடுத்து, காப்பகத்துக்கு அனுப்பிவைக்க எனக்கு ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். காகிதங்கள் வீட்டை விட்டுப் போவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் தான் படித்துவிட வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. அதனால் வேலை அங்கேயே, அவர் கண்ணெதிரில் நடந்தது.

நெமிலிச்சேரியிலிருந்து காலை லோக்கலில் நின்றுகொண்டே வந்து கொரட்டூரில் இறங்குவேன். ஸ்டேஷன் படிக்கட்டிலேயே பாதி உயிர் போய்விடும். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து; வலது முழங்காலில் நீர் கோத்திருந்தது. பின்னறைச் சன்னல் ஓரம் ஒரு பழைய சாப்பாட்டு மேஜை. அதில் வெள்ளைத் துணி விரித்து, ஓர் உறையின் தையலைப் பிரித்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். குண்டூசிகள் துருவேறிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருக்கும். அவற்றைத் தாள் கிழியாமல் கழற்றவே ஒரு முற்பகல் போய்விடும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டத் தட்ட எனக்குத் தும்மல் வரும். அக்கா எதிரில் அமர்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வாசிப்பார். வாசித்து முடித்தால் தாளை என் பக்கம் தள்ளுவார். நான் ஓரத்தில் பென்சிலால் எண் போடுவேன். நான்கைந்து மணி நேரத்தில் இருபது தாள் ஆனால் அது நல்ல நாள். பதினோரு மணிக்கு டீ, ஒரு மணிக்கு அவர் வைத்த ரசமும் நான் கொண்டுபோன கறியும். பேச்சு குறைவு. தொழிற்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி இணைத்துக் கொடுத்தே பேச்சில் ஆசை போய்விட்டது என்று ஒரு தடவை சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

எடுத்ததுமே முழுப் படத்தின் கைப்பிரதி கிடைக்கும் என்று காப்பகத்தில் எதிர்பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் அதற்கு முந்திய கட்டங்கள். அடித்து அடித்து எழுதிய காட்சிகள், நாடகத்தில் ஒவ்வொரு நடிகருக்கும் தனியாக எழுதிக் கொடுத்த வசனத் தாள்கள், கார்பன் நகல்கள். இவற்றோடு இருபத்தாறு நோட்டுப் புத்தகங்கள். அந்த நோட்டுகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. வாத்தியார் போகிற இடத்திலெல்லாம் காதில் விழுந்த பேச்சை எழுதி வைத்திருந்தார். ரயிலில் மீன்கூடையோடு வந்த பெண் பரிசோதகரிடம் சொன்னது, பூந்தமல்லி பஸ்ஸில் இரண்டு சகோதரர்கள் பாகப்பிரிவினை பற்றிச் சண்டை போட்டது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கிழவர் நர்ஸிடம் கேட்டது. முதலில் பேசியவர் சொன்ன மாதிரியே ஒரு வரி. அதன் கீழே அவர் நின்ற நிலை, கையை என்ன செய்தார், குரல் எப்படி இருந்தது. அதற்கும் கீழே அதையே நாடகத் தமிழில் நான்கு தடவை, ஐந்து தடவை மாற்றி எழுதிப் பார்த்திருப்பார். ஒரு மனிதர் இவ்வளவு கவனமாகவா உலகத்தைக் கேட்டார் என்று எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. அதை அக்காவிடம் சொன்னேன். "வெளியில நல்லாத்தான் கேட்டுக்கினு இருந்தாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

நான்காவது மாதம், பதினேழாவது நோட்டைக் கையில் எடுத்தேன். வாத்தியாருக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் எண் போடும் வழக்கம் உண்டு. இந்த நோட்டில் நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு ஐம்பத்தைந்து வந்தது. ஏழு தாள்களைத் தையலை ஒட்டிப் பிளேடால் அறுத்திருந்தார்கள். நோட்டின் விளிம்புகள் எல்லாம் டீ நிறத்துக்கு மாறியிருந்தன. அறுத்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அண்மையில் செய்த காரியம் என்று தெரிந்தது. அந்த நோட்டை முந்தின வெள்ளிக்கிழமைதான் அக்கா படிக்க எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் "41 முதல் 54 வரை இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போனேன்.

அன்றிலிருந்து அவர் எதிரில் வந்து உட்காருவது குறைந்தது. நான் எண் போடப் போட, அவர் சமையலறையில் சும்மா நின்றிருப்பார். படிக்காமலே தாள்களைத் தள்ளினார். ஒரு வாரம் பார்த்தேன். காப்பகத்தின் பொறுப்பாளர் வாராவாரம் என் பட்டியலைச் சரிபார்ப்பவர். விடுபட்ட ஏழு தாள்கள் எங்கே என்று அவர் கேட்கத் தொடங்கியிருந்தார். இதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திருடியதைக் கண்டுபிடித்த மாதிரி கேட்க முடியாது, அது அவர் வீடு, அவர் அப்பாவின் நோட்டு. கடைசியில் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் நின்று, அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். கிழித்துவிடவில்லையே என்பதுதான் என் கவலை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய், பூஜை அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். படி என்றார். நான் படிப்பதற்கு முன் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு இருபத்திரண்டு வயதில் நடந்தது. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கே வரைபடப் பிரிவில் ஆவடிக்காரர் ஒருவர் இருந்தார். கிறிஸ்தவக் குடும்பம். டெலிபோன் போர்டில் இணைப்புக் கேட்கும்போது 'தயவுசெய்து' என்று சொல்கிற ஒரே ஆள் அவர்தானாம். அப்படித் தொடங்கிய பழக்கம். ஊருக்குத் தெரியாமல் போய் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், சாட்சிக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா ஊருக்கே காதலைப் பற்றி எழுதுகிறவர், சாதியில்லை மதமில்லை என்று மேடையில் பேசுகிறவர், அவரிடம் நேராகக் கேட்பதே முறை என்று நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இதே பின்னறையில், எழுதிக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் போய் நின்று கேட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பேனாவை மூடினார். "வேணாம். இதோட விட்டுடு" என்றார். ஒரு காரணமும் சொல்லவில்லை. கோபிக்கவும் இல்லை. அக்கா வெளியே போனதும் மறுபடி பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டதாம்.

எட்டு மாதம் கழித்து அவருடைய படம் ஒன்று வந்தது. அம்பத்தூர்க் கொட்டகையில் அம்மாவோடு போய்ப் பார்த்திருக்கிறார் அக்கா. கதாநாயகி தன் தகப்பனார் முன்னால் வந்து நின்று பேசுகிற கட்டம். "ஓடிப்போகக் கால்கள் இருந்தும் உங்கள் எதிரே வந்து நிற்கிறேன் அப்பா! அந்தக் கால்களுக்காவது ஒரு பதில் சொல்லுங்கள்!" கொட்டகையே கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் விசும்பல். திரையில் அந்தத் தகப்பன் கலங்கி எழுந்து மகளை அணைத்துக்கொண்டார். அடுத்த காட்சியில் கல்யாணம். தன் வாயில் வந்த பேச்சு அது என்று அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அக்கா கேட்டது ஒரே கேள்வி: படத்தில் அந்த அப்பா சரி என்று சொல்கிறாரே? வாத்தியார் சொன்ன பதிலை அக்கா என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினார். "அது படம்மா."

ஆவடிக்காரர் இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் மணம் முடித்தார். பத்திரிகையை போர்டு அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார். போய், ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்ததாக அக்கா சொன்னார். அப்பா பின்னாளில் கொண்டுவந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்று சொன்னதற்கு அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அம்மா சாகும்போது இந்தக் காகிதங்களைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரும் இல்லாததால் பார்த்துக்கொண்டார். இந்தக் கதையில் எதையும் அவர் மறந்திருக்கவில்லை, ஆனால் எல்லாம் ஆறிப்போய்விட்டது என்று நினைத்திருந்தார். பதினேழாம் நோட்டைத் திறக்கும்வரை.

அதன் பிறகுதான் நான் தாள்களைப் படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தின் தலைப்பில் 'வீட்டில், ஞாயிறு மாலை' என்று இருந்தது. கீழே, பேசியபடியே: "நான் ஓடிப் போயிருக்கலாம்பா. போகல. உங்க முன்னாடி வந்து நின்னு கேக்கறேன். அதுக்காவது ஒரு பதில் சொல்லுங்க." அதன் கீழே: 'அழவில்லை. வலது கை கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது. பேசி முடித்ததும் எச்சில் விழுங்கினாள்.' மை ஒரே சீராக ஓடியிருந்தது. அந்தச் சாயங்காலமே, அவள் அறையை விட்டுப் போன கையோடு எழுதியது. மீன்கூடைக்காரியையும் ஆஸ்பத்திரிக் கிழவரையும் எழுதிய அதே கை. பிறகு பத்துப் பக்கத்துக்கு அந்த வரியை அவர் மாற்றி மாற்றிச் செதுக்கியிருந்தார். கால்கள் ஆறாவது முயற்சியில்தான் வந்தன. கடைசி மூன்று பக்கங்களில் தகப்பனின் பதில். அதை மட்டும் அவரால் எழுத முடிந்திருக்கவில்லை. பதினொரு தடவை தொடங்கி, பதினொன்றையும் அடித்திருந்தார். சில இடங்களில் பேனா முள் தாளைக் கிழித்திருந்தது.

எனக்கு அதைப் பார்த்ததும் மனம் இளகியது. மகளிடம் சொல்லாமல் விட்டதை இந்த மனிதர் காகிதத்தில் தேடித் தவித்திருக்கிறாரே என்று தோன்றியது. அதை ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்து, அந்த அடித்தல்களை அக்காவுக்குக் காட்டி, பாருங்கள், அவருக்கும் லேசாக இருந்திருக்கவில்லை என்றேன். அவர் பூதக்கண்ணாடி இல்லாமலே அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"படத்துக்குப் பதினோரு வாட்டி யோசிச்சாரு. எனக்கு ஒரே வாட்டில சொல்லிட்டாரு" என்றார்.

அன்று ரயிலில் வரும்போது என் தொழில் மீதே ஒரு சலிப்பு வந்தது. எதையும் தூக்கிப் போடாதே, எல்லாம் ஆவணம் என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த ஏழு தாள்களும் இல்லாவிட்டால் வாத்தியாரின் மிகப் புகழ்பெற்ற வசனம் எப்படிப் பிறந்தது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போகும். இன்றைக்கும் கல்லூரி விழாக்களில் பிள்ளைகள் பேசிக் காட்டும் வசனம் அது. இருந்தால், ஒரு பெண்ணின் மிக மோசமான சாயங்காலம் அட்டை உறைக்குள் எண் போட்டு யாரும் வந்து பார்க்கலாம் என்று கிடக்கும். கொடுங்கள் என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை, கிழித்துப் போடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பொறுப்பாளரிடம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி நாளைக் கடத்தினேன்.

முடிவை அக்காதான் எடுத்தார். அனுப்பிவைக்க வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் அந்தத் துணிக்கடைப் பையை என் முன்னால் வைத்தார். கிழிக்கலாம் என்று இரண்டு தடவை எடுத்தாராம். கிழித்தால் தான் கேட்டது ஒருபோதும் நடக்காததாக ஆகிவிடும், அப்பா எழுதியது மட்டும் நிற்கும் என்று தோன்றியதாம். எடுத்துப் போ என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "அப்பா எழுதினதுன்னு மட்டும் போடாத. மக பேசினதுன்னும் போடு. எழுதினது அவரு, பேசினது நானு." அங்கேயே உட்கார்ந்து பட்டியல் தாளில் எழுதினேன்: 'நோட்டு 17, பக்கம் 41 முதல் 54 வரை. மகள் தந்தையிடம் பேசியது, தந்தையின் கையெழுத்தில்.' அவர் அதை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

குமணன்சாவடியிலிருந்து ஒரு டெம்போவை அமர்த்தியிருந்தோம். ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றும்போது, "இன்னாக்கா, அல்லாம் வெறும் பேப்பரா கீது, கருங்கல்லு மாதிரி கனக்குது" என்று முனகினார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, உள்ளே போய், காலியான உறைகளை ஊறவைத்தார். எனக்கு அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்தது துக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. நீண்ட ஷிப்டை முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைக்கிறவர்களின் முகம்.

காப்பகத்தில் பொறுப்பாளர் என் பட்டியலை வாசித்தார். நல்ல மனிதர், விதிப்படி நடப்பவர். அந்த ஒரு பதிவில் கோடு போட்டார். மகள் பேசியது என்பதற்கு அவளுடைய வாய்மொழியைத் தவிர என்ன ஆதாரம்? தாளில் மகள் என்ற சொல்லே இல்லையே, 'வீட்டில்' என்றுதானே இருக்கிறது? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் காப்பகம் பதில் சொல்ல வேண்டும். தாளில் உள்ளதைத்தான் நாம் பதிவு செய்ய முடியும், கேட்டதை அல்ல என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் நான் வாதாடியிருக்கலாம். அக்காவை ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொல்லி இணைத்திருக்கலாம், மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அது பிப்ரவரி மாதம். மார்ச்சில் என் ஒப்பந்தம். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் களைத்திருந்தேன் என்பதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை. சரி சார் என்றேன். கணினியில் அந்தப் பதிவு இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறது: 'உரையாடல் வரைவுகள், 7 தாள்கள்.'

அக்கா போய் மூன்று வருடமாகிறது. எனக்கும் வேலை முடிந்துவிட்டது. கொரட்டூர் வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். ரயிலில் போகும்போது எந்த இடம் என்றுகூட அடையாளம் தெரிவதில்லை. வாத்தியாரின் காகிதங்கள் குளிர்பதன அறையில் சுகமாக இருக்கின்றன. அந்த வேலையை நினைத்தால் எனக்குப் பெருமை வருவதில்லை. அதை முடித்த சில வாரங்களில் வந்த ஒரு தொலைபேசி அழைப்புத்தான் நினைவுக்கு வருகிறது.

அக்கா யாருக்கும் தானாகப் போன் செய்கிறவர் இல்லை. அன்று மத்தியானம் அவர் எண் வந்தது. உடம்பை விசாரித்தார், முழங்காலை விசாரித்தார். பிறகு, தான் சொன்ன மாதிரியே எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது அக்கா என்றேன். எங்கே, படி கேட்கிறேன் என்றார். என் முன்னால் கணினியும் இல்லை, பட்டியலும் இல்லை. வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொரட்டூரில் எழுதிய வரியை நினைவிலிருந்து, பார்த்துப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நோட்டு பதினேழு. பக்கம் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்துநாலு வரை. மகள் தந்தையிடம் பேசியது, தந்தையின் கையெழுத்தில்.

வாழ்நாளெல்லாம் போனில் அடுத்தவர் குரலைக் கேட்டவருக்கு என் குரலில் இருந்தது தெரிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மகள்னு இருக்குல்ல, அது போதும். பேரு வேணாம்" என்றார் அக்கா.

அதனால்தான் இங்கேயும் நான் அவர் பெயரை எழுதவில்லை.